யானைக்கு அடங்காத பசி... காட்டுமாட்டுக்கு அசைபோடும் நிதானம்! குற்றால மலையின் இரண்டு சாப்பாட்டு ராமன்கள்

'கொரில்லாவும் கங்காருவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?'

லீவு நாளில் செல்போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்த வீடுகளில் இந்தக் கேள்வி ஒரு முறையாவது எழுந்திருக்கும். கொரில்லா நெஞ்சில் அடித்துக்கொள்கிறது, கங்காரு வாலை ஊன்றி எம்பி உதைக்கிறது, கீழே 'உங்கள் ஓட்டு யாருக்கு?' என்று ஒரு வரி. இப்படி எத்தனையோ வீடியோக்கள்.

இந்தச் சண்டை நடக்கப் போவதில்லை. ஒன்று இருப்பது ஆப்பிரிக்காவின் நடுக்காடு, இன்னொன்று ஆஸ்திரேலியப் புல்வெளி. நடுவே இந்தியப் பெருங்கடலே கிடக்கிறது. அதனால் ஓட்டெல்லாம் வேண்டாம். ஆனால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வேறொரு சங்கதி தெரியும். பார்க்க முரட்டு ஆசாமிகளாக இருக்கும் இரண்டுமே இலை, தழை, புல் தின்று வளர்ந்த உடம்புகள். அந்த இலை தழையை உடம்பில் ஒட்ட வைப்பதற்கு இரண்டும் நேரெதிரான இரண்டு வழிகளை வைத்திருக்கின்றன.

அதே இரண்டு வழிகள் நம்ம ஊரிலும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகவே வேண்டாம். பேரருவியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் பாறைக்கு மேலே தொடங்கும் மலைத்தொடர் போதும். அங்கே ஒரே காட்டில், சில நேரம் ஒரே புல்வெளியில் மேய்கிற இரண்டு பெரிய தாவர உண்ணிகள் இருக்கின்றன. ஒன்று யானை. மற்றது காட்டுமாடு.

பெயரில் ஒரு சிக்கல்

யானைக்கு அறிமுகம் தேவையில்லை. காட்டுமாட்டுக்குக் கொஞ்சம் தேவை.

செய்திகளில் 'காட்டெருமை' என்று வருவது பெரும்பாலும் இதைத்தான். கறுத்த உடம்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் இது எருமை இனம் இல்லை. பசு, காளையின் சொந்தம். வடகிழக்கு மாநிலங்களில் வளர்க்கும் மிதுன் மாடு இதிலிருந்து வந்த வளர்ப்பு இனம்தான். காட்டுமாடு, காட்டி, கடமா என்று பகுதிக்கு ஒரு பெயர். சங்கப் பாடல்களில் 'ஆமா' என்று வரும் காட்டுப்பசு இதுதான் என்கிறார்கள்.

உலகத்தில் இன்று காட்டில் வாழும் மாட்டினங்களிலேயே உருவத்தில் பெரியது இதுதான். வளர்ந்த காளை தோள் உயரத்தில் 6 அடியைத் தொடும், எடை 900, 1,000 கிலோ வரை போகும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல நான்கு கால்கள். அதை வைத்தே தூரத்தில் இருந்து அடையாளம் கண்டுவிடலாம். களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும், வடக்கே பெரியாறு பக்கமும் மந்தை மந்தையாக உண்டு. கொடைக்கானலுக்கோ குன்னூருக்கோ போயிருந்தால் நீங்கள் ரோட்டிலேயே பார்த்திருக்கலாம். தென்காசிப் பக்கம் அது அவ்வளவாகக் கீழே இறங்குவதில்லை. இறங்குவது யானை.

ஏன் யானை மட்டும்? பதில் வயிற்றில் இருக்கிறது.

பார்சல் வாங்குகிற ஆசாமி, பந்தியை விட்டு எழாத ஆசாமி

பிரானூர் பார்டர் பக்கம் பரோட்டா சாப்பிடப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் கூட்டத்தைப் பார்த்ததும் 'பார்சல் கட்டுங்க அண்ணாச்சி' என்று வாங்கிக்கொண்டு, ரூமுக்குப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். இன்னொருவர் டேபிளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அடுத்த செட், அடுத்த செட் என்று போய்க்கொண்டே இருக்கும்.

காட்டுமாடு பார்சல் ரகம். மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் புல்லைச் சுருட்டி, பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிடும். விழுங்கியது போய்ச் சேருவது நான்கு அறை கொண்ட வயிற்றின் முதல் அறைக்கு. அதை ஒரு பெரிய அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கறவை மாட்டுக்கே அந்த அண்டா 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். புல்லின் நாரைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குக் கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது இந்த நுண்ணுயிர்கள்தான். இட்லி மாவு புளிக்கிற மாதிரி உள்ளே புல் புளிக்கிறது.

வயிறு நிரம்பியதும் மாடு நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். புளித்த புல்லை உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து மறுபடி அரைக்கும். இதுதான் அசைபோடுவது. வீட்டு மாடே ஒரு நாளில் 8 மணி நேரம் வரை இதற்குச் செலவிடும். நன்றாகப் பொடியானது மட்டுமே அடுத்த அறைக்குக் கதவு தாண்டிப் போக முடியும். தின்ற புல் முழுதாக வெளியேற இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. புல்லைச் செரித்துப் பெருகிய நுண்ணுயிர்களும் அடுத்தடுத்த அறைகளுக்கும் சிறுகுடலுக்கும் போகும்போது, மாடு அவற்றையே செரித்துவிடும். வேலைக்காரர்களே கடைசியில் சாப்பாடாகிவிடுகிறார்கள். வெறும் புல்லில் இருந்து அவ்வளவு பெரிய சதைப்பற்றான உடம்பு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில். புரதம் இங்கிருந்துதான்.

யானையின் கதை வேறு. அதற்கு ஒரே அறை வயிறு, நம்முடையதைப் போல. தின்றது வயிற்றையும் சிறுகுடலையும் தாண்டி, பெருங்குடலுக்கும் அதன் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பைக்கும் வந்த பிறகுதான் நுண்ணுயிர்கள் கை வைக்கின்றன. மாட்டுக்கு முன்வாசலில் இருக்கும் அண்டா யானைக்குக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. சத்தை உறிஞ்சும் முக்கியமான இடமான சிறுகுடல் முன்னாலேயே முடிந்துவிட்டது. அதனால் அங்கே பெருகும் நுண்ணுயிர்களின் புரதம் யானைக்குப் பெரிதாகக் கிடைக்காது, சாணியோடு போய்விடும். திரும்ப எடுத்து அரைக்கும் வசதியும் இல்லை. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறுகிறது.

இந்த நஷ்டத்தை யானை ஈடுகட்டுவது ஒரே ஒரு வழியில்தான்: நிறுத்தாமல் தின்பது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும். தண்ணீர் 100 லிட்டருக்கு மேல். இரவும் பகலுமாக 16 மணி நேரம் வரை வாய் அசைந்தபடி இருக்கும். தூக்கம் நாலு மணி நேரம் இருந்தால் பெரிது.

அப்படியானால் காட்டுமாடுதான் கெட்டிக்காரனா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் நிலைமை தலைகீழாகிவிடும்.

கோடையில் புல் காய்ந்து நாராகும்போது மாட்டின் அண்டாவில் பிரச்னை ஆரம்பிக்கிறது. முரட்டு நார் சீக்கிரம் பொடியாகாது. பொடியாகாதது கதவைத் தாண்டாது. பழையது போகாமல் புதியதற்கு இடமில்லை. வயிறு நிறைய இருக்கும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். யானைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மூங்கில், மரப்பட்டை, வேர், முள்செடி என்று எது கிடைத்தாலும் உள்ளே தள்ளும். சத்து குறைவா? இன்னும் நாலு வாய் அதிகம். ஒரு நாள், இரண்டு நாளில் அது பாட்டுக்கு வெளியேறிவிடும். மட்டமான தீவனத்தில் தாக்குப்பிடிக்க யானையின் 'மட்டமான' செரிமானமே கைகொடுக்கிறது.

புலி கணக்கும் இதில் உண்டு. காட்டுமாடு புலிக்குப் பிடித்தமான இரை. வெட்டவெளியில் தலையைக் குனிந்து அதிக நேரம் மேய்வது ஆபத்து. அதற்கு 'அள்ளிப்போட்டுக்கொண்டு ஒதுங்கு, பிறகு அரை' என்ற ஏற்பாடு பொருந்துகிறது. வளர்ந்த யானையைத் தொட புலி யோசிக்கும். யானைக்கு ஒளிந்து சாப்பிட வேண்டிய அவசியமில்லை.

இப்போது கொரில்லாவையும் கங்காருவையும் கூப்பிடலாம். கொரில்லா யானைக் கட்சி. நுண்ணுயிர்கள் பெருங்குடலில். அதனால்தான் அந்தப் பெருத்த தொந்தி. அது கொழுப்பில்லை, இலை புளிக்கும் அண்டா. 160 கிலோ ஆண் கொரில்லா ஒரு நாளில் 18 கிலோ வரை இலை, தண்டு தின்னும். கங்காரு மாட்டுக் கட்சி. இரைப்பையின் முன்பகுதியிலேயே புளிக்கவைத்துவிடும். ஆனால் ஒரு வித்தியாசம்: புல் புளிக்கும்போது மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் வாயு ஏப்பமாக வெளியேறிப் பூமியைச் சூடாக்குகிறது என்று உலகமே கவலைப்படுகிறது, கங்காரு வயிற்றில் அது மிகக் குறைவு. காரணத்தைக் கண்டுபிடித்து மாட்டுக்கும் பழக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 4,000 கிலோ யானைக்கு 150 கிலோ என்றால், 100 கிலோ உடம்புக்கு 4 கிலோகூட ஆகவில்லை. கொரில்லாவுக்கு 100 கிலோவுக்கு 11 கிலோ ஆகிறது. உருவம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு கிலோ உடம்பையும் ஓட்டுவதற்கு ஆகும் செலவு குறையும். யானை பெருந்தீனிக்காரன் என்பது முழு உண்மையில்லை, உடம்புக்குப் பார்த்தால் அது சிக்கனக்காரன்தான்.

(கொரில்லாவை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மைசூரு உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். 2021-ல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு ஆண் கொரில்லாக்கள் அங்கே வந்தன. கங்காரு இந்தியாவில் திடீரென்று தலைப்புச் செய்தியானது 2022 ஏப்ரலில். மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி பக்கம் ரோட்டோரம் கங்காருக்கள் பரிதாபமாக நின்றுகொண்டிருந்தன. கடத்திவந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிய உயிர்கள் அவை.)

பல் தேய்ந்தால் கணக்கு முடிந்தது

கட்சி வேறாக இருந்தாலும் யானையும் கங்காருவும் ஒரு விஷயத்தில் ஒன்று. இரண்டுக்கும் கடைவாய்ப் பற்கள் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். முன்னால் இருப்பது தேய்ந்து விழ, பின்னால் இருப்பது அந்த இடத்துக்கு வரும், வரிசையில் நிற்கிற மாதிரி. யானைக்கு வாழ்நாளில் இப்படி ஆறு செட். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் அடுத்தது கிடையாது. காட்டில் வயதான யானை மெல்ல முடியாமல் இளைத்து, தண்ணீர் ஓரத்து மென்மையான புல்லைத் தேடிப் போய்க் கடைசி நாள்களைக் கழிப்பது இதனால்தான்.

குட்டிகளிடமும் ஒரு வேடிக்கை. செரிக்கும் நுண்ணுயிர்கள் பிறக்கும்போதே வயிற்றில் இருக்காது. யானைக் குட்டி தாயின் சாணியைத் தின்று அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. பார்ப்பவர்களுக்கு முகம் சுளிக்கும். குட்டிக்கு அதுதான் தடுப்பூசி, டானிக் எல்லாம்.

அரைகுறை செரிமானத்தின் புண்ணியம்

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. பலாப்பழம் என்றால் யானைக்கு உயிர். முழுப் பழத்தையும் காலால் நசுக்கித் தின்னும். கொட்டைகள் அரைபடாமல் உள்ளே போய், சில கிலோமீட்டர் தள்ளி சாணியோடு விழும். கூடவே எருவும் ஈரமும். முளைக்க வேறென்ன வேண்டும்? அசைபோடும் மானினங்கள் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. நெல்லிக்காயைத் தின்றுவிட்டு, அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். படுத்திருந்த இடத்தில் நெல்லிக் கன்று.

சித்தாற்றில் தண்ணீர் வருவதற்கு மேலே காடு இருக்க வேண்டும், காடு இருப்பதற்கு இந்தக் கொட்டை துப்பும் கூட்டம் வேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் குரங்குகளுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. நியாயப்படி யானைச் சாணிக்கும் ஒரு பாட்டு வந்திருக்க வேண்டும்.

வடகரையில் ஒரு தென்னை விழுந்தால்

இதுவரை சொன்னது ரசிக்கிற மாதிரி இருக்கும். செங்கோட்டைக்கு வடக்கே வடகரை, மேக்கரைப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் ரசிக்க மாட்டார்கள். அடவிநயினார் அணையைச் சுற்றியுள்ள அந்தப் பகுதியில் யானைகள் இறங்கித் தென்னை, வாழை, நெல்லை நாசம் செய்வது பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

யானைக்குத் தென்னையில் வேண்டியது குருத்து. குருத்து உச்சியில் இருக்கிறது. மரத்தைச் சாய்த்தால்தான் கிடைக்கும். தின்பது சில நிமிடம். நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர 6, 7 வருடம். ஒரே இரவில் பத்து மரம் போனால், அந்தக் குடும்பத்தின் ஏழு வருட உழைப்பும் அடுத்த ஏழு வருட வருமானமும் சேர்ந்து போகின்றன. நிவாரணம் கிடைக்கும். அது மரத்துக்குத்தான், காத்திருந்த வருடங்களுக்கு யாரும் விலை போடுவதில்லை.

யானை ஏன் அங்கே வருகிறது என்பதற்குக் 'காட்டில் சாப்பாடு இல்லை' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பாதிக்கு மேல் வீணாகும் வயிற்றை வைத்துக்கொண்டு 150 கிலோ தேட வேண்டிய ஒரு மிருகத்தின் இடத்தில் நின்று பாருங்கள். காட்டில் ஒரு புல் இங்கே, ஒரு மூங்கில் அங்கே. வயலில் நெல் ஒரே இடத்தில், வரிசையாக, நார் குறைவாக, சத்து அதிகமாக, மெல்ல எளிதாக நிற்கிறது. 16 மணி நேர வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். காடு செழிப்பாக இருக்கும் மாதங்களிலும் யானை வயலுக்கு வருவதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்.

யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமார் 1980-களில் சத்தியமங்கலத்தை ஒட்டிய காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். குட்டிகளோடு திரியும் பெண் யானைகளைவிட, தனியாகத் திரியும் ஆண் யானைகளே பயிருக்குள் அதிகம் புகுகின்றன என்பது அவர் கண்டது. உடம்பைத் தேற்றினால்தான் ஆண் யானைக்கு மற்ற ஆண்களோடு போட்டி போட முடியும். அதற்காக வெடியையும் வெளிச்சத்தையும் தாண்டி வர அது தயார்.

அரிசிக்குப் பெயர் எடுத்த ஒரு யானையே நம் மலைக்கு வந்து சேர்ந்த கதை நினைவிருக்கும். கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு பக்கம் விட்டார்கள். அது கம்பத்துக்குள் நடந்து வந்தது. ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, கழுத்தில் ரேடியோ காலரோடு களக்காடு முண்டந்துறைக் காட்டின் மேல்கோதையாறு பகுதியில் விட்டது. செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் எட்டிப்பார்த்தது. ருசி கண்ட வயிறு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

நடுவில் ஒரு கணவாய்

பசித்தவனுக்கு வழி வேண்டும். 2022 ஆகஸ்டில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,197 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது யானைகள் காப்பகம் இது. மாநிலத்தில் யானைகள் எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 3,063, 2025-ல் 3,170.

ஆனால் தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலைத்தொடர் ஓரிடத்தில் இடைவெளி விடுகிறது. ஆரியங்காவு கணவாய். தெற்கே அகத்தியமலைக் காடு, வடக்கே பெரியாறு வரை போகும் காடு. நடுவில் கொல்லம் சாலை; 1904 முதல் ரயில் பாதை; தோட்டங்கள், ஊர்கள். நமக்கு அது கேரளா போகும் ஜாலியான ரூட், ஜன்னலோர சீட். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அது ஒரு காட்டை இரண்டாக வெட்டிய கோடு. ஒரு பக்கம் புல் காய்ந்தால் மறு பக்கம் போவது என்ற பழைய கணக்கு இங்கே இடிக்கிறது. காட்டுமாடு இருக்கிற இடத்தில் இருப்பதை அரைத்துச் சமாளிக்கப் பார்க்கும். நிறைய நடந்து, நிறையத் தின்னும்படி படைக்கப்பட்ட யானையால் அப்படி ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்க முடியாது.

சோலார் வேலி, அகழி, பட்டாசு, ராத்திரிக் காவல் எல்லாம் நடக்கின்றன. சில யானைகள் மரக்கிளையைப் போட்டு வேலியைச் சாய்க்கக் கற்றுக்கொண்டன. ஆத்திரத்தில் யாராவது நேரடி மின்சாரத்தை வேலியில் கொடுத்தால் அது குற்றம். யானை, காட்டுமாடு இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதில் மனிதர்களும் மாட்டி இறந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டை ஒட்டிய முதல் வயலில் யானைக்குப் பிடிக்காத பயிரை வைப்பது ஒரு யோசனை. நெல்லும் வாழையும் தரும் வருமானத்தை அந்தப் பயிர் தருமா என்ற கேள்விக்குப் பதில் வராதவரை எந்த விவசாயியும் மாற மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிளாஸ்டிக் கவரும் இரண்டு வயிறுகளும்

சீசனுக்கு வருகிறவர்களின் பங்கு இங்கேதான். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை இருந்தும் பரோட்டா சால்னா கவர், சிப்ஸ் பாக்கெட், நேந்திரம்பழத் தோலைக் கட்டிய பை எல்லாம் மலையடிவாரத்தில் கிடக்கத்தான் செய்கின்றன. அதில் உப்பு ருசி இருக்கிறது. உப்பு என்றால் தாவர உண்ணிகளுக்கு விடவே முடியாது, இலையில் கிடைக்காத சரக்கு அது.

பொடியானது மட்டுமே தாண்ட முடியும் என்ற மாட்டு வயிற்றின் கதவை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் எத்தனை முறை அசைபோட்டாலும் பொடியாகாது. உள்ளே போன கவர் அண்டாவிலேயே தங்கிவிடும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சை செய்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக். வீட்டுப் பசுவுக்கு டாக்டர் இருக்கிறார். காட்டுமாட்டுக்கும் மிளாவுக்கும் அதே வயிறுதான், டாக்டர்தான் இல்லை.

யானைக்கு ஓரளவு வெளியேறிவிடும். கோவை மருதமலைப் பக்கம் யானைச் சாணியில் பால் கவரும் மசாலா பாக்கெட்டும் கிடந்த படங்கள் வந்தன. எப்போதும் வெளியேறும் என்று நம்ப முடியாது. 2025 மே மாதம் அதே மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்து, சிகிச்சை பலிக்காமல் இறந்தது. பிரேதப் பரிசோதனையில் உடம்புக்குள் பிளாஸ்டிக் குப்பை இருந்தது. கருவில் ஒரு குட்டியும் இருந்தது.

பிளஸ் ஒன் தமிழ்ப் பாடத்தில் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்த பிள்ளைகளுக்கு உடைந்த பாட்டில் யானையின் காலில் என்ன செய்யும் என்று தெரியும். சீசனுக்கு வரும்போது காரில் அந்தப் பிள்ளைகள் யாராவது இருந்தால், பாட்டிலை எங்கே போடுவது என்று அப்பா, சித்தப்பாக்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வழியில் எதிரே வந்தால்

புளியரை தாண்டி மேலே ஏறும்போதோ, எஸ்டேட் பக்கம் போகும்போதோ இரண்டில் எது எதிரே வந்தாலும் இறங்கி செல்ஃபி எடுக்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, பழம் நீட்டக் கூடாது. யானை காதை விரித்துத் தலையை நிமிர்த்திப் பார்க்கிறது என்றால் அது எச்சரிக்கை. வண்டியை மெதுவாகப் பின்னால் எடுப்பது நல்லது. காட்டுமாடு சாதுவாகத்தான் நிற்கும். அதை நம்பிப் பக்கத்தில் போகக் கூடாது. 900 கிலோ உடம்பு ஒரு நொடியில் திரும்பும். அது ரோட்டைக் கடந்துவிட்டதே என்று உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவும் வேண்டாம். பின்னால் மந்தை வரும், கன்றுகள் பெரும்பாலும் நடுவில் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். அதற்குள் எல்லாம் அந்தப் பக்கத்துப் புல்லுக்குப் போய்விடும்.